1763 போர்டுல இருக்கு, பெஞ்சுல இருக்கா?

நம்ம திருச்சியில் பழைய பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சமே இல்லை. செயின்ட் ஜோசப் 1844ல் நாகப்பட்டினத்தில் ஆரம்பித்து 1883ல் இங்கே வந்தது. கேம்பியன் 1934. எல்லாருக்கும் மூத்த அண்ணன் வெஸ்ட்ரி ஸ்கூல், 1763. அமெரிக்கா என்ற நாடே அப்போது பிறக்கவில்லை. பெருமைதான், யார் இல்லை என்றது? ஆனால் அட்மிஷன் சீசன் வந்தால் ஊரில் ஆளாளுக்கு 'பாரம்பரியம், பாரம்பரியம்' என்று செய்கிற அலப்பறை இருக்கிறதே... தாங்கல சாமி.

பாரம்பரியம்னா என்னங்க என்று கேட்டுப் பாருங்கள். மார்ச் மாத வெயிலில் கழுத்தை இறுக்கும் டை. இங்கிலீஷில் ஒரு ஸ்கூல் பாட்டு. தமிழில் பேசினால் அபராதம். அப்புறம் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நாலு ஹவுஸ். இங்கிலாந்தில் போர்டிங் பையன்கள் நிஜமாகவே தனித்தனி வீடுகளில் தங்கிப் படித்தார்கள், அதனால் அதற்கு ஹவுஸ் என்று பேர். நம்ம பையன் நாலு மணிக்கு ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போய் அம்மா கையால் காபி குடிக்கிறான். அவனுக்கு எதுக்கு இன்னொரு வீடு? :-)

சரி, 1763ல் என்னதான் நடந்தது? திருச்சியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிப்பாய்கள் செத்துப்போனார்கள். பிள்ளைகள் அநாதையாக நின்றன. தரங்கம்பாடி மிஷனிலிருந்து வந்திருந்த சுவார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார் அந்தப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்ததுதான் அந்தப் பள்ளி. டை கட்டத் தெரிந்தவன் பிள்ளையா என்று பார்த்து அல்ல, அப்பன் இல்லாத பிள்ளை என்பதற்காகச் சேர்த்தார்கள். அதுதானே பாரம்பரியம்?

'அது வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்குத்தானே' என்பீர்கள். சரிதான். ஆனாலும் நாதியில்லாத பிள்ளைகளுக்கு என்பது மாறாது.

நாம் காப்பியடிக்கிற இங்கிலாந்திலும் இதே கதைதான். மான்செஸ்டர் கிராமர் ஸ்கூல் 1515ல் ஹ்யூ ஓல்டம் என்ற பிஷப் இலவசப் பள்ளியாக நிறுவியது. பின்னாளில் அரசு மானியத்தில் பல பையன்களுக்கு இடம் கொடுத்தது. 1970களில் அந்த மானியத் திட்டம் ஒழிந்ததும் முழுக்கத் தனியார் பள்ளி ஆனது. ஆனால் ஒன்று, பழைய மாணவர்களிடம் வசூல் செய்து ஏழைப் பையன்களுக்கு ஃபீஸ் கட்ட ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். நாம் ஹவுஸை எடுத்துக்கொண்டோம், டையை எடுத்துக்கொண்டோம். இதை மட்டும் விட்டுவிட்டோம்.

பி.காம் படிக்கிறவன் பாஷையில் சொல்கிறேன். தானாகச் சேர்ந்த குட்வில்லை பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டக்கூடாது என்கிறது கணக்கியல் தரநிலை 26. பள்ளிகளோ செத்துப்போன பாதிரியார் சேர்த்த குட்வில்லை ஃபீஸாக மாற்றிக்கொண்டிருக்கின்றன!

கல்வி உரிமைச் சட்டம் 2009ல் வந்தது. தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தரவேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சரியா என்று 2025 செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் கேள்வி எழுப்பி, விஷயத்தைத் தலைமை நீதிபதிக்கு அனுப்பினார்கள். மிஷன் பள்ளிகள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டுமா என்ன? சுவார்ட்ஸை எந்தச் சட்டம் கட்டாயப்படுத்தியது?

'சம்பளம், கரண்ட் பில்லுக்கு எங்கே போவது?' நியாயமான கேள்வி. ஆண்டு விழாவுக்கும் புது ஆர்ச்சுக்கும் பழைய மாணவர்களிடம் நன்கொடை கேட்கத் தெரிகிறதில்லையா, அதே மாதிரி ஃபீஸுக்கும் கேளுங்கள். கொடுப்பார்கள்.

எந்த ஒரு பள்ளியையும் குறிவைத்து இதைச் சொல்லவில்லை. ஏழைப் பிள்ளைகளைச் சத்தமில்லாமல் படிக்க வைக்கிற பள்ளிகளும் இருக்கும். அவர்களுக்கு ஒரு கும்பிடு. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கேட்டில் நிறுவிய வருஷத்தைப் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள் இல்லையா, அதன் கீழே இன்னொரு எண்ணையும் போடுங்கள்: இந்த வருஷம் எத்தனை பிள்ளைகள் இங்கே ஃபீஸ் இல்லாமல் படிக்கிறார்கள்? அந்த எண் பூஜ்யம் என்றால், மேலே இருக்கிற 1763ஓ 1844ஓ வெறும் பெயிண்ட்தான்.