மோர்ப்பானைக்கு வழி விடுங்கள்



லோஹேகாவில் மலை கிடையாது. புனேயின் வடகிழக்கு ஓரத்தில் பரந்து கிடக்கிற சமதளம் அது. பம்பாயைக் காக்கவென்று 1939-ல் பிரிட்டிஷ் விமானப்படை அங்கே தளம் அமைத்ததற்குக் காரணமும் அந்தச் சமதளமாகத்தான் இருக்க வேண்டும். இன்றைக்குச் சுகோய் போர் விமானங்கள் காதைப் பிளந்துகொண்டு எழும்புகிற அதே ஓடுதளத்தில்தான் நம் சென்னை விமானமும் இறங்குகிறது. விடிகாலையில் ஓடப் போகிறவர்களுக்கு 509 சௌக் பக்கம் ஒரு சாலை, தானோரிப் பக்கம் ஒரு சாலை. கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் தண்ணீர் லாரி, கான்கிரீட் லாரி, பள்ளிப் பேருந்து என்று வரிசையாக இறங்கிவிடும். அதற்குப் பிறகு ஓடினால் நுரையீரலுக்கு நல்லதா கெட்டதா என்று ஒரு பட்டிமன்றமே வைக்கலாம்.

ஆகவே அந்தப் பகுதியில் குடியிருக்கும் நம் வாசகர்கள் சிலர் ஞாயிறு தவறாமல் இருட்டோடு பைக்கைக் கிளப்பி, ஊரைக் குறுக்காகக் கடந்து, சுவார்கேட், கடக்வாஸ்லா அணை வழியாகச் சிங்ககட் கோட்டையின் அடிவாரத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்த மாத இதழில் நாம் மலைப்பாதை ஓட்டத்துக்குப் பக்கங்கள் ஒதுக்கியிருப்பதே அவர்கள் அனுப்பிய வழிக்குறிப்புகளால்தான். படித்துவிட்டு, ஒரு குளிர்காலக் காலையில் நானும் அவர்களோடு போனேன். அவர்கள் ஓடினார்கள். நான் ஏறினேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சிங்ககட் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1670 பிப்ரவரியில் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே இரவோடு இரவாகச் செங்குத்துப் பாறையில் ஏறி, கோட்டையைப் பிடித்துக் கொடுத்து உயிரையும் விட்ட கதை மராத்தியக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் தெரியும். கயிறு கட்டிய உடும்பைப் பாறையில் ஏற்றி, அதைப் பிடித்துக்கொண்டு வீரர்கள் ஏறினார்கள் என்பார்கள். வரலாற்று ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வதில்லை. உடும்புப்பிடி என்று தினமும் பேசுகிற நமக்கு நம்புவதில் சிரமம் இருக்காது. ஆனால் கோட்டையின் கதை தானாஜியோடு தொடங்கவில்லை. முன்பு அதற்குக் கோண்டாணா என்று பெயர். 1328-ல் முகமது பின் துக்ளக் படையோடு வந்தபோது, நாக் நாயக் என்ற கோலித் தலைவர் மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கி நின்றிருக்கிறார். வீரர்கள் வருவதும் போவதுமாக இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தானியமும் மோரும் கொண்டுபோய்க் கொடுத்த அடிவாரத்துக் கிராமங்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன.

ஓடுகிறவர்கள் அதிகம் பிடிப்பது ஆத்கர்வாடி கிராமத்திலிருந்து ஏறும் ஒற்றையடிப் பாதையைத்தான். நீளம் மூன்று கிலோமீட்டருக்குள். ஆனால் அதற்குள் சுமார் 600 மீட்டர் ஏறியாக வேண்டும். சாதாரண ஆள் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ எடுத்துக்கொள்வார். பழகியவர்கள் அதில் பாதியில் முடித்துவிட்டு, நாம் பாதி வழியில் இடுப்பில் கை வைத்து நிற்கும்போது எதிரே இறங்கி வந்து சிரிப்பார்கள். முதலில் மண்ணும் சரளையும், பிறகு கருங்கல் பாறை, கடைசியில் புனே வாசலின் மூன்று அடுக்குக் கதவுகள். வாகனங்கள் போகும் மலைச்சாலை இதைவிடப் பல மடங்கு நீளம். ஏற்றம் மெதுவாக இருப்பதால் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி எடுப்பவர்கள் அதை விரும்புகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கார் வரிசை தொடங்குவதற்கு முன்பு வரைக்கும். கோட்டையின் பின்புறம் கல்யாண் கிராமத்திலிருந்து கல்யாண் வாசலுக்கு ஏறும் வழியில் கூட்டம் குறைவு. என்னைக் கேட்டால் மூன்றில் அதுதான் அழகு.

இவை போதாது என்பவர்களுக்கு காத்ரஜ் மலைச்சுரங்கத்தின் அருகிலிருந்து சிங்ககட் வரை மேடும் பள்ளமுமாகப் பதின்மூன்று குன்றுகள் ஏறி இறங்குகிற வழி இருக்கிறது. பௌர்ணமி இரவுகளில் டார்ச்சும் தண்ணீருமாக இளைஞர் கூட்டம் கிளம்பிவிடுகிறது. அதுவும் போதாது என்றால் சிங்ககட், ராஜ்கட், தோர்ணா மூன்று கோட்டைகளையும் இணைத்து 53 கிலோமீட்டர் ஓடுகிற பந்தயம் இருக்கிறது. அது யாருக்கு என்று நான் சொல்லப்போவதில்லை.

நான் எழுத வந்தது இவர்களைப் பற்றி மட்டும் அல்ல. ஆத்கர்வாடிப் பாதையில் பாதி ஏறியிருந்தோம். பின்னால் காலடிச் சத்தம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. தலையில் துணியைச் சுருட்டிய சும்மாடு, அதன்மேல் கூடை, கூடைக்குள் தயிர் உறையவைத்த சின்னச் சின்ன மண்சட்டிகள், வாய்க்குத் துணி கட்டிய ஒரு மோர்ப்பானை. காலில் ரப்பர் செருப்பு. சரளை வழுக்கும் இடங்களில் பாதத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி வைத்தார். கழுத்து அசையவில்லை, மூச்சும் வாங்கவில்லை. எங்கள் குழுவில் முதுகில் தண்ணீர்ப்பை, குழாய், பல்லாயிரம் ரூபாய்க் காலணி என்று சகல சீர்வரிசையோடும் வந்த தம்பி ஒருவர் "மாவ்ஷி, ஜா ஜா" (சித்தி, போங்க போங்க) என்று ஒதுங்கிப் பாறையோடு ஒட்டிக்கொண்டார். அந்தப் பெண்மணி தலையை அசைக்காமலே ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கடந்து போனார்.

மேலே போனால் அவரைப் போன்றவர்களின் ஓலைக்கொட்டகைகளும் தகரக்கொட்டகைகளும் வரிசையாக இருக்கின்றன. சோளரொட்டியான பாக்கரி, கடலைமாவில் செய்த பிட்லா, இடித்த மிளகாய்த் தேச்சா, வெங்காயப் பஜ்ஜி, மண்சட்டித் தயிர். விறகடுப்பின் புகை வாசம் பிட்லாவில் ஏறியிருக்கும். சரக்கின் ஒரு பகுதி இப்போது ஜீப்பில் வருகிறது. ஆனாலும் தலைச்சுமை நின்றுவிடவில்லை. நாம் 'ரூட்' என்று கைக்கடிகாரத்தில் பதிந்துகொள்கிற வழி, அவர்கள் வீட்டிலிருந்து கடைக்குப் போகிற வழி. எங்கே வளைந்தால் சரிவு குறையும், மழைக்காலத்தில் எந்தக் கல் வழுக்கும் என்பதெல்லாம் சுமை தூக்கிய கால்கள் கண்டுபிடித்தவை. ஓடுகிறவர்கள் அந்த வழியில் விருந்தாளிகள். விருந்தாளிக்குரிய மரியாதையோடு ஓடுங்கள் என்பதுதான் இந்த மாத வேண்டுகோள். சுமையோடு வருகிறவர் ஏறினாலும் இறங்கினாலும் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டால் அவர் வருவது தெரியாது. வீட்டிலிருந்து புரதப் பட்டையைக் கொண்டுபோய் மேலே உட்கார்ந்து தின்றுவிட்டு உறையை அங்கேயே போடுவதைவிட, ஒரு சட்டித் தயிர் வாங்கிச் சாப்பிடுவது உடம்புக்கும் நல்லது, அந்த வீட்டுக்கும் நல்லது.

கோட்டையில் ராஜாராமின் சமாதி இருக்கிறது. சிவாஜியின் இளைய மகன். தமிழர்கள் அங்கே கொஞ்சம் நின்று வர வேண்டும். 1689-ல் மொகலாயப் படை துரத்த, அவர் வேடம் மாறித் தெற்கே ஓடிவந்து புகுந்தது நம் செஞ்சிக் கோட்டையில். எட்டு ஆண்டுகள் செஞ்சிதான் மராத்திய அரசின் தலைநகர். 1698-ல் கோட்டை மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் கைக்குப் போவதற்கு முன் தப்பி, திரும்பவும் மராத்திய நாடு சேர்ந்து, 1700 மார்ச்சில் சிங்ககட்டில் கண்ணை மூடினார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய அந்த ஓட்டத்துக்கு முன் நம் 53 கிலோமீட்டரெல்லாம் எம்மாத்திரம்! 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராத்தியக் கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. மற்றப் பதினொன்றும் மகாராஷ்டிரத்தில். சிங்ககட் அந்தப் பட்டியலில் இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். கொட்டகைக்காரர்களுக்கு அது நிம்மதியாகவும் இருக்கலாம்.

லோஹேகாவுக்கும் ஓர் ஓட்டக் கதை உண்டு. மராத்தி பக்திக் கவி துகாராமின் தாய் கனகாயி பிறந்த ஊர் அது என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த உரிமையில்தான் விமான நிலையத்துக்குத் துகாராமின் பெயரைச் சூட்ட மகாராஷ்டிர அமைச்சரவை 2024-ல் முடிவெடுத்தது. ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் போகும் வார்க்கரி பக்தர்களின் யாத்திரையில், வேளாபூர் அருகே எல்லோரும் நடையை விட்டு ஓடத் தொடங்குகிறார்கள். விட்டலன் கோயில் கலசம் கண்ணில் பட்டதும் துகாராம் அங்கிருந்து ஓடினாராம். தலையில் துளசிமாடத்தைச் சுமந்த கிழவிகள்கூட அந்த இறக்கத்தில் ஓடுவார்கள். நேரம் குறிப்பதில்லை, பதக்கமும் இல்லை.

நம் பக்கத்தில் சிங்ககட்டின் சுமைப்பாதைக்கு ஈடாக எனக்குத் தெரிந்த ஊர் கொடைக்கானல் மலைச்சரிவில் இருக்கும் வெள்ளகவி. வட்டக்கானலிலிருந்து இறங்கலாம், கும்பக்கரையிலிருந்து ஏறலாம். பழைய வழி, குதிரைமேல் அரிசியும் காய்கறியும் போன வழி. கோயில்கள் நிறைந்த ஊர் என்பதால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஓடி வருகிறவர்கள் ஊர் எல்லையில் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அடுத்த எல்லைவரை வெறுங்காலோடு நடக்க வேண்டும். அதற்கு முகம் சுளிப்பவர்கள் வேறு வழியில் ஓடட்டும்.

போதமலை, கொல்லிமலை, பர்வதமலை, சிறுமலை என்று உங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு மலைவழி தெரிந்திருக்கும். இலங்கை வாசகர்கள் தேயிலைத் தோட்டத்துப் பாதைகளை எழுதலாம். தூரமும் ஏற்றமும் எழுதுங்கள். தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்த மாதம் அட்டைக்கடி, எந்த இடத்தில் வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அந்த வழியில் தினமும் யார் எதைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்பது கட்டாயம் இருக்க வேண்டும். கைக்கடிகாரம் வரைந்து கொடுக்கும் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். நம் அச்சில் அது செத்த மண்புழு மாதிரி விழுகிறது.

அன்புடன்,
ஆசிரியர்