புகைக்கு மருந்து போத்தலில் உண்டோ?



சென்ற சிறுபோகத்தில், பேலியகொடைச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவந்த கமக்காரர் ஒருவர், பஞ்சிகாவத்தையிற் சிறு போத்தலொன்றை வாங்கிச் சென்றார். எரிபொருளிற் கலந்தாற் கரும்புகை அறவே நீங்கும் என அதன் மேலுறை கூறிற்று. அவருடைய இரு சக்கர உழவு இயந்திரம் பயோடீசலில் ஓடுவது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உணவுச்சாலைகளில் வடை பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து உறவினர் ஒருவர் அதனைத் தயாரித்துக் கொடுக்கின்றார். போத்தல் தீர்ந்தது, புகை தீரவில்லை. பின்னரே என்னை அழைத்தார்.

காற்று வடிகட்டியைத் திறந்தேன். காலபோகச் சூடடிப்பில் ஏறிய வைக்கோல் தூசி, அடியிலிருந்த எண்ணெயுடன் கூடிச் சேறாகியிருந்தது. மூச்சுத் திணறும் இயந்திரத்துக்கு எம்மருந்தை ஊற்றி என்ன பயன்? அதனைக் கழுவிப் புது எண்ணெய் இட்டதும் புகை பாதியாயிற்று.

மீதிக்குக் காரணம் எரிபொருளே. பழைய எண்ணெயை மெதனோலும் எரிசோடாவும் சேர்த்து மாற்றி, அடியில் தங்கும் கிளிசரினை நீக்கி, நீரினாற் கழுவி உலர்த்துதல் வேண்டும். (மெதனோல் நஞ்சு, அதன் ஆவியும் தீங்கானது.) இவ்வேலை குறைப்பட்டால் எஞ்சும் சவர்க்காரமும் மாறாத எண்ணெயும் உட்செலுத்தியின் நுனியிற் கரியாகப் படியும். அப்போது எரிபொருள் பனிபோலத் தூவப்படாது, துளியாக விழுந்து அரைகுறையாக எரியும். சோதிப்பது எளிது. சம அளவு நீருடன் போத்தலில் இட்டுக் குலுக்குங்கள். நல்ல பயோடீசல் அரைமணி நேரத்துள் தெளிந்து பிரியும். அவருடையதோ பால்போற் கலங்கியே நின்றது.

கலப்பு மருந்துகள் யாவும் பொய்யென நான் சொல்லவில்லை. எளிதிற் பற்றாத டீசலை விரைவிற் பற்றச் செய்பவை உள. ஆயின் செவ்வையாகச் செய்த பயோடீசலின் நிறையில் ஏறத்தாழ 11 வீதம் ஒட்சிசன் இருப்பதால், அது டீசலிலும் குறைந்த கரியையே விடும். பிலிப்பைன்சில் 2007 முதல் தேங்காயெண்ணெய்ப் பயோடீசலை டீசலிற் கலப்பது சட்டமாக உள்ளது. அங்கே அதனையே புகை குறைக்கும் கலப்பாகப் போற்றுவர்.

புகையைச் சிறிதென எண்ணற்க. டீசற்புகை புற்றுநோய் விளைப்பதென உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2012 இல் அறிவித்தது. கைப்பிடியைப் பற்றி நாள் முழுதும் பின்னே நடப்பவர் நீங்களே.

அவ்வன்பர் உட்செலுத்தியைத் துப்புரவாக்குவித்தார்; உறவினரும் இப்போது மும்முறை கழுவுகின்றார். அடுத்த சந்தைப் பயணத்தில் அவர் பஞ்சிகாவத்தையில் வாங்கியது எரிபொருள் வடிகட்டி ஒன்று. பயோடீசல் தாங்கியின் பழைய படிவுகளைக் கரைத்துக் கொணர்வதால், அது விரைவில் அடைபடும் என்று நான் சொல்லியிருந்தேன்.