மேசைமேல் தேறிய ஓடு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையை நம்பி நடப்பவர்களில் பலரால் அதன் வரைபடத்தைப் பார்க்க முடியாது. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே ஜாலான் தெபிங்கில் இருக்கிறது, கே.எல். சென்ட்ரலும் மோனோரெயில் நிலையமும் நடை தூரம். வெண்கோல் ஊன்றி வருபவர்கள் அந்த வட்டாரத்தின் அன்றாடக் காட்சி.

மேடு வைத்த மஞ்சள் ஓடுகள் அவர்களுக்காகத்தான். நீள்கோடு என்றால் நடக்கலாம். குமிழ் என்றால் நின்று கவனிக்க வேண்டும். ஜப்பானியர் செய்ச்சி மியாக்கே 1965இல் உருவாக்கியது இது. 1967இல் ஒக்காயாமாவில் முதன்முதலாகப் பதித்ததே ஒரு பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்தில்தான்.

இன்று பொதுவாக நடப்பது வேறு. வடிவமைப்பாளர் நிறமும் ஒழுங்கும் பார்த்து வரைகிறார். பொறியாளர் தண்ணீர் வாட்டத்தையும் சாக்கடை மூடிகளையும் பார்த்துத் திருத்துகிறார். குத்தகையாளர் மாதிரி ஓடு ஒன்றை மேசைமேல் வைக்க, இருவரும் தடவிப் பார்த்து ஒப்புதல் தருகிறார்கள். விரல் நுனிக்குத் தெரியும் மேடு செருப்புக் காலுக்கும் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய காரணம் நம் சமூகத்திலேயே இருக்கிறது. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு அதிகம். அந்த நோய் விழித்திரையைக் கெடுப்பதோடு பாதத்தின் உணர்ச்சியையும் மழுங்கடிக்கும். ஆக, இந்த ஓடு யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களில் சிலருடைய காலுக்கே அந்த ஐந்து மில்லிமீட்டர் மேடு எட்டாமல் போகலாம். உயரத்தைக் கூட்டினால் சக்கர நாற்காலிக்காரரும் முதியவர்களும் தடுமாறுவார்கள். மங்கலான பார்வை உள்ளவருக்கோ மேட்டைவிட நிற வேறுபாடுதான் துணை. தரைக்கு இசைவான சாம்பல் நிறம் வேண்டும் என்று வடிவமைப்பாளர் பிடிவாதம் பிடித்தால் அதுவும் போயிற்று. இந்த வழக்கைக் காகிதத்தை வைத்து எத்தனை கூட்டம் போட்டாலும் தீர்க்க முடியாது.

தீர்க்கும் வழி எளிது. குத்தகை ஆவணம் முடிவாகும் முன், உண்மையான தெருவில் பத்து மீட்டர் பாதையைத் தற்காலிகமாகப் பதிக்க வேண்டும். அதில் ஒரு திருப்பம், ஒரு சாக்கடை மூடி, ஒரு சாலைக் கடப்பு இருக்கட்டும். வெண்கோல் ஊன்றுபவர்கள் அதில் மழை நாளிலும் நடக்க வேண்டும். அஞ்சடியில் மோட்டார் சைக்கிள்கள் நிறையும் மாலையிலும் நடக்க வேண்டும். பொறியாளரும் வடிவமைப்பாளரும் சேர்ந்து நின்று, கோல் எங்கே தட்டித் தயங்குகிறது என்று பார்க்கட்டும். அதன் பிறகு வாதம் யாருடைய ரசனை, யாருடைய விதி என்பதில் நிற்காது.

செலவு என்பார்கள். கார் நிறுவனங்கள் முழு அளவில் களிமண் வண்டி செய்து பார்த்த பிறகே அச்சு வெட்டுகின்றன. அவர்கள் பணத்தை வீணடிப்பவர்கள் அல்லர். பதித்த பாதையைப் பெயர்த்து மறுபடி போடும் செலவோடு ஒப்பிட்டால் பத்து மீட்டர் ஒன்றுமே இல்லை.

2010 அக்டோபரில் அன்றைய பிரதமர்கள் மன்மோகன் சிங்கும் நஜீப் ரசாக்கும் திறந்துவைத்த பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவின் வளைவும் வண்ணமும் கண்ணுக்கான வேலை. அடுத்த சீரமைப்பு இங்கே வந்தாலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவில் வந்தாலும், வெண்கோலோடு சோதித்துத் தருபவர்களுக்குப் பொறியாளருக்குப் போலவே ஆலோசனைக் கட்டணம் ஒதுக்கப்பட வேண்டும். தேநீரும் நன்றிக் கடிதமும் போதாது.