பங்கு யார் கையில்?

“தரகரிடம் பணம் கொடுத்திருக்கிறேன், பெருக்கித் தருவார்” என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் கவலையாக இருக்கிறது. பணத்தைப் பெருக்குவது பங்குத் தரகரின் வேலையே அல்ல. சந்தைக்குள் நாம் நேராக நுழைய முடியாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் பதிவு பெற்ற தரகர் வழியாகத்தான் வாங்கவும் விற்கவும் முடியும். நாம் சொன்னதை அவர் செய்து முடிக்கிறார், தரகு வாங்கிக்கொள்கிறார். நாம் எத்தனை முறை வாங்கி விற்கிறோமோ அத்தனை முறை அவருக்கு வரும்படி. நமக்கு லாபமா நட்டமா என்பது அந்தக் கணக்கில் வராது.

காலையில் “இன்னைக்கு இதை வாங்குங்க சார்” என்று அழைப்பு வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். 2024இல் செபி வெளியிட்ட ஆய்வுப்படி, மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள். வணிகச் செலவாக மட்டும் சுமார் 50,000 கோடி ரூபாய் போயிருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி, தரகு.

தரகைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பங்கு யார் பிடியில் இருக்கிறது என்பது. ஹைதராபாத்தின் கார்வி தரகு நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தது. 2019 நவம்பரில் செபி தலையிட்டது. கணக்குத் தொடங்கும்போது படிக்காமல் கையெழுத்திட்ட பவர் பத்திரம்தான் அங்கே வழி திறந்துவிட்டது. அதன்பின் விதிகள் இறுகின. அடகு வைத்தாலும் பங்கு நம் டீமேட் கணக்கிலேயே இருக்க வேண்டும். பவர் கொடுக்காதவர் விற்க, அவர் செல்பேசிக்கு வரும் ஓடிபி வேண்டும். தரகு குறைந்ததைவிட இதைத்தான் நான் பெரிய சீர்திருத்தம் என்பேன்.

ஆனால் ஓடிபி யாருக்குப் போகிறது? பெற்றோர் பெயரில் கணக்கு இருந்தால், பதிவான எண்ணும் மின்னஞ்சலும் அவர்களுடையவைதானா என்று இந்த வாரமே பாருங்கள். வேறு யாருடைய எண்ணாவது இருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். நம் பங்குகளை மின்வடிவில் வைத்திருக்கும் டெபாசிட்டரி, தரகரைத் தாண்டி நேரே அனுப்பும் கணக்கு அறிக்கையும் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். அதையும் தரகர் தரும் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, பங்கின் பெயரும் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று அவர்களோடு உட்கார்ந்து சரிபாருங்கள்.