மாடி இல்லாத வீட்டுக்கு என்ன திட்டம்?



சில நாட்களுக்கு முன் நம் ஊரில் வீடு வீடாகப் போய் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தோம். ஒரு வீட்டு வாசலில் பேச்சு கரண்ட் பில் பக்கம் திரும்பியது. வீட்டில் சோலார் வைத்தால் மத்திய அரசு மானியம் தருகிறது என்று நம்ம தம்பி ஒருவர் சொன்னார். அந்த வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே, “அது மாடி இருக்கவங்களுக்குத்தான அண்ணாச்சி? நமக்கு ஓட்டு வீடுல்லா!” என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தத் திட்டம் என்ன என்று பார்ப்போம். 2024 மக்களவைத் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், பிப்ரவரி 13-ஆம் தேதி, பிரதமர் மோடி ‘பிஎம் சூர்ய கர்’ திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஒரு கோடி வீடுகளின் மேல் சூரியத் தகடு, மாதம் 300 யூனிட் வரை இலவச மின்சாரம் என்பது அறிவிப்பு. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். ஒரு கிலோவாட் வைத்தால் 30,000 ரூபாய் மானியம், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000. ஏப்ரலில் வந்த பாஜக தேர்தல் அறிக்கையிலும் இது இடம்பிடித்தது. வாரணாசியில் வேட்பாளராக நின்றவர் நாடு முழுவதற்கும் வைத்த வாக்குறுதி இது.

நல்லதை நல்லது என்று சொல்வோம். திட்டம் நல்ல திட்டம்தான். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். இரண்டு மாத பில் கணக்கில் 240 யூனிட். பகலில் மிச்சமாகிறது லைனுக்குப் போகும், ராத்திரி நாம் எடுப்பதில் அது கழியும். 500 யூனிட்டைத் தாண்டி, பில் ஒரேயடியாக ஏறிப்போய்க் கையைக் கடிக்கிற வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல். மாடி இருக்கிறவர்கள் தயங்காமல் விண்ணப்பியுங்கள். உதவி வேண்டுமென்றால் நம் பிள்ளைகள் வந்து பதிவு செய்து தருவார்கள்.

ஆனால் அந்த அக்காவின் கேள்வி அப்படியே நிற்கிறதே!

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும், அதுவும் நிழல் விழாத, பாரம் தாங்குகிற இடம். அந்த வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். மானியம் போக மீதிப் பணத்தைக் கையிலிருந்தோ, வங்கிக் கடனாகவோ போட வேண்டும். இப்போது நம்ம தெருவை நினைத்துப் பாருங்கள். ஓட்டு வீடு, தகரக் கூரை, அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரியாத வீடு, வாடகை வீடு. கூலி வேலைக்கும் தறி வேலைக்கும் போகிற குடும்பங்களில் பெரும்பாலானவர்கள் இந்தக் கணக்குக்குள் வரவே மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் 2016-லிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 180, 200 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு பில் சில நூறு ரூபாய்தான் வரும். அந்தச் சில நூறைக் காப்பாற்ற யார் கடன் வாங்கித் தகடு போடுவார்கள்? சிக்கனமாக இருக்கிற ஏழை வீட்டுக்கு இந்தத் திட்டத்தில் லாபம் குறைவு, செலவாளி வீட்டுக்கு லாபம் அதிகம். திட்டத்தின் அமைப்பே அப்படி இருக்கிறது. தொடங்கி ஒரு வருஷம் கழித்து, 2025 மார்ச்சில், நாடு முழுக்க 10 லட்சம் வீடுகளில் தகடு ஏறியிருந்தது. இலக்கு ஒரு கோடி.

அப்படியானால் மாடி இல்லாத வீட்டுக்கு என்ன செய்யலாம்? வழி இருக்கிறது. அது கூரைக்கு மேலே இல்லை, கூரைக்குக் கீழே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆமாம், ஃபேன்தான்!

கணக்கைக் கவனியுங்கள். நம்ம வீட்டில் ஓடுகிற பழைய சீலிங் ஃபேன் ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். இப்போது வருகிற பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்துக்குப் பழைய ஃபேன் சுமார் 67 யூனிட் தின்னும். புதியது 27. ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம், இரண்டு ஃபேனுக்கு 80 யூனிட். 180 யூனிட் ஓடுகிற வீடு 100-க்கு இறங்கிவிடும். 100-க்குள் வந்துவிட்டால் பில்லே கிடையாது. மாடியில் ஒரு தகடுகூட இல்லாமல் பூஜ்ஜிய பில்!

வாடகை வீட்டில் இருப்பவருக்கும் இது பொருந்தும். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வைத்து வாங்குகிற இடத்தில் ஒவ்வொரு யூனிட்டும் காசு. வீடு மாறும்போது ஃபேனைக் கழற்றிக்கொண்டும் போகலாம்.

“அந்த ஃபேன் விலை கூடுதல்லா?” என்று கேட்பீர்கள். நியாயம்தான். இன்றைய கடை விலைக்கு நம் கைக்காசைப் போட்டு வாங்கினால், போட்ட முதல் திரும்பி வர வருஷக்கணக்காகும். அதனால்தான் இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை என்கிறோம். ஏற்கெனவே செய்து காட்டிய வேலையும்கூட.

எல்இடி பல்பு ஞாபகம் இருக்கிறதா? 2015 ஜனவரியில் ‘உஜாலா’ திட்டம் வந்தது. மத்திய அரசின் ஈஈஎஸ்எல் நிறுவனம் கோடிக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டது. 2014 தொடக்கத்தில் 310 ரூபாய்க்கு வாங்கிய பல்பு, இரண்டு மூன்று வருஷத்தில் கொள்முதல் விலையில் 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. நாடு முழுக்க 36 கோடிக்கு மேல் பல்பு கொடுத்தார்கள். இன்றைக்கு ஓட்டு வீட்டிலும் குடிசையிலும் எல்இடி எரிகிறது என்றால், மொத்தக் கொள்முதல் விலையை அடித்து இறக்கியதுதான் காரணம். பல்புக்கு மாடி தேவைப்படவில்லை, பட்டா தேவைப்படவில்லை.

ஃபேனுக்கும் இப்படி ஒரு திட்டம் 2023 நவம்பரில் அறிவித்தார்கள். ஒரு கோடி சிக்கன ஃபேன் என்பது இலக்கு. நம்ம தொகுதியில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? கையைத் தூக்கச் சொன்னால் எத்தனை கை எழும்பும்?

தறிக்கும் இதே கதைதான். 2017-ல் ‘சாத்தி’ என்று ஒரு திட்டம் வந்தது. மின்சாரம் குறைவாக இழுக்கிற தறியையும் மோட்டாரையும் மொத்தமாக வாங்கித் தருவார்கள், முன்பணம் வேண்டாம், நாலைந்து வருஷத் தவணையில் அடைத்தால் போதும் என்றார்கள். ஈரோடு, சூரத், இச்சல்கரஞ்சி என்று பெரிய ஊர்களின் பெயர்தான் அதில் அடிபட்டது. சங்கரன்கோவிலிலும் புளியங்குடியிலும் தறி ஓட்டுகிறவர்களும் நெசவாளிகள்தானே? விசைத்தறிக்கு இலவச மின்சாரத்தை 2023-ல் 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக மாநில அரசு உயர்த்தியது, வரவேற்கிறோம். அதோடு மோட்டாரையும் மாற்றித் தந்தால் அதே 1,000 யூனிட்டில் கூடுதல் நேரம் தறி ஓடுமே!

சரி, சூரிய மின்சாரத்தில் ஓட்டு வீட்டுக்குப் பங்கே கிடையாதா? உண்டு. பள்ளிக்கூட மாடி, ஊராட்சி அலுவலக மாடி, அரசு கிட்டங்கி என்று பொதுக் கட்டிடங்களில் தகடு போட்டு, அதில் வருகிற யூனிட்டைப் பல வீடுகளின் பில்லில் பங்கு பிரித்துக் கழிக்கலாம். இது கற்பனை இல்லை. டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இதற்கான நெறிமுறையை 2019-லேயே வெளியிட்டுவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006-ல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் போட்டு, பெரும்பகுதி வங்கிக் கடனாக, 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக வாங்கியது. ஊருக்குத் தேவையானது போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. ஒரு ஊராட்சியால் முடிந்திருக்கிறது.

நாமோ செங்கோட்டைக் கணவாய்க் காற்றின் பாதையில் இருக்கிறோம். சுரண்டை, சங்கரன்கோவில் பக்கம் போனால் காற்றாலை வரிசையாகச் சுற்றுகிறது. ஆனி, ஆடிக் காற்று நம்முடையது. நிலம் நம்முடையது. அந்த மின்சாரத்தில் நம்ம ஊராட்சிகளுக்கு என்ன பங்கு என்று இதுவரை எந்த வேட்பாளராவது பேசியிருக்கிறாரா?

2012-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். பன்னிரண்டு மணி நேரம், அதற்கும் மேலே கரண்ட் இல்லாமல், தறி நின்று, பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் படித்த காலம். மின்சாரம் என்பது தேர்தல் நேரத்துப் பேச்சு இல்லை, அது நம் கூலி, நம் பிள்ளைகளின் படிப்பு என்று அப்போதே படித்துக்கொண்டோம்.

ஆகவே, நம் கோரிக்கை மூன்று.

ஒன்று, பல்புக்குச் செய்ததை ஃபேனுக்கும் செய்யுங்கள். 200 யூனிட்டுக்குள் ஓடுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு சிக்கன ஃபேன், மொத்தக் கொள்முதல் விலையில், பில்லோடு சேர்த்த சின்னத் தவணையில்.

இரண்டு, பொதுக் கட்டிடங்களின் கூரையில் சூரிய மின்சாரம். மாடி இல்லாத வீடுகளுக்கு அதில் யூனிட் பங்கு.

மூன்று, தறி மோட்டார் மாற்றத் தவணைத் திட்டத்தில் நம்ம பகுதியையும் சேர்க்க வேண்டும்.

இந்தக் கேள்விகள் ஒரு கட்சிக்கு மட்டுமானவை அல்ல. ஓட்டு கேட்டு வருகிற எல்லோரிடமும், நம் கட்சி வேட்பாளரிடமும் சேர்த்தே கேளுங்கள். நாட்டுக்கு எத்தனை கோடி என்று சொல்லும்போது, “நம்ம ஊருக்கு எத்தனை வீடு, எந்த வருஷத்துக்குள்?” என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கரண்ட் பில்லை எடுத்து, போன முறை எத்தனை யூனிட் என்று பாருங்கள். வீட்டில் எத்தனை ஃபேன் ஓடுகிறது என்று எண்ணுங்கள். இரண்டையும் கமெண்டில் எழுதுங்கள். தொகுதி முழுக்கச் சேர்த்து, அந்தக் கணக்கோடு நம் ஆட்கள் மனு கொடுக்கப் போவார்கள்.

ஓட்டு வீடோ மாடி வீடோ, ஓட்டு ஒன்றுதான். திட்டமும் எல்லா வீட்டுக்கும் வரட்டும்.

படித்தவர்கள் பகிருங்கள்.