பழைய வானொலிக்குப் புதிய கொள்ளளவி

சில மாதங்களுக்கு முன்னர் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். யாழ்ப்பாணத்திலுள்ள தகப்பனார் வீட்டைத் திருத்தும்போது பரணிலிருந்து வால்வு வானொலிப் பெட்டி ஒன்று கிடைத்ததாம். துடைத்து மேசையில் வைத்தாயிற்று. தகப்பனாரின் திவசத்துக்கு வரும் உறவினர்கள் முன்னிலையில் அதைப் பாடவைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. "பிளக்கைச் செருகிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார்.

"தயவுசெய்து செருக வேண்டாம்" என்றேன்.

அந்தப் பெட்டி கடைசியாக எப்போது பாடியது என்று அவரிடமே கேட்டேன். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றதற்கு முன்னர் என்றார். அதன் பிறகு சைக்கிள் டைனமோவைச் சுழற்றி டிரான்சிஸ்டர் வானொலியில் செய்தி கேட்ட காலம் வந்தது. வால்வுப் பெட்டிகள் பரணுக்கு ஏறின. மூன்று தசாப்தங்களுக்கு மேலாக ஒரு வோல்ற் மின்னையும் காணாத பெட்டி அது. சும்மா கிடப்பதால் வால்வுகள் பெரும்பாலும் கெடுவதில்லை. கெடுவது கொள்ளளவி.

கொள்ளளவி என்பது பாடநூற் பெயர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அப்படிக் கேட்டால் கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். அங்கே அது கொண்டென்சர். இரண்டு உலோகத் தகடுகளுக்கிடையே மின்னைக் கடத்தாத பொருளொன்றை வைத்தால் அதுவே கொள்ளளவி. ஆடலோட்டத்தை விடும், நேரோட்டத்தை மறிக்கும். மறிக்கும் வேலையைத்தான் பழையவை மறந்துவிடுகின்றன. 1940களிலும் 50களிலும் செய்யப்பட்ட பெட்டிகளில் அந்த இடைப்பொருள் பெரும்பாலும் மெழுகிலோ எண்ணெயிலோ தோய்த்த காகிதம். காகிதம் ஈரத்தை உறிஞ்சும். மெழுகு உருகி வழியும், கறுப்பு வார்ப்பு உறைகள் வெடிக்கும். வெடித்த இடத்தால் ஈரம் உள்ளே போகும். கடற்காற்றும் மாரி மழையும் உள்ள நம்முடைய நாட்டில் இதற்கு அதிக காலம் தேவைப்படுவதில்லை.

இவற்றை மாற்றுவது பற்றி ஆளுக்கொரு கட்சி இருக்கிறது. வேலை செய்யும் பெட்டியில் கை வைக்காதே என்பது பழைய திருத்துநர்களின் கட்சி. கண்ணிற் பட்ட கொள்ளளவி எல்லாவற்றையும் வெட்டி எறி என்பது இன்றைய அவசரக்காரர்களின் கட்சி. அந்தக் காலத்துச் சரக்கையே தேடி இட்டால்தான் அந்தக் காலத்து ஒலி வரும் என்பது மூன்றாவது. மூன்றுடனும் எனக்கு உடன்பாடில்லை. காகிதக் கொள்ளளவியையும் மின்பகு கொள்ளளவியையும் நம்பக்கூடாது, மைக்காவையும் பீங்கானையும் தொடக்கூடாது, புதிதாக இடுவது விலையுயர்ந்ததாக அல்ல, அந்த இடத்துக்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும். என் கட்சி இதுதான்.

முதலில் ஒரேயொரு கொள்ளளவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வேறு எதையும் மாற்ற வசதியில்லாதவர்கூட இதை மாற்றாமல் மின்னைக் கொடுக்கக்கூடாது. ஒலியைப் பெருக்கும் சிறிய வால்வின் அனோட்டிலிருந்து வெளியீட்டு வால்வின் கிரிட்டுக்குச் செல்லும் இணைப்புக் கொள்ளளவி அது. பெறுமானம் பெரும்பாலும் 0.01 மைக்ரோபரட் அளவில் இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 100 வோல்ற், மறுபக்கத்தில் எதுவும் இருக்கக்கூடாது. நண்பரின் பெட்டியில் இருந்தது ஈ.எல். 84 வால்வு. அதன் அனோட்டில் 250 வோல்ற் இருக்கும்போது கிரிட் கதோட்டைவிட 7.3 வோல்ற் தாழ்வாக இருக்க வேண்டும். அப்போது ஓடும் மின்னோட்டம் 48 மில்லிஅம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 12 வாற்று. அந்த வால்வின் அனோட்டு தாங்கக்கூடிய உச்ச அளவும் அதே 12 வாற்றுத்தான். அதாவது சரியாக வேலை செய்யும்போதே அது எல்லைக் கோட்டில் நிற்கிறது.

பெட்டி கொழும்புக்கு வந்து சேர்ந்ததும் அந்தக் கொள்ளளவியைக் கழற்றினேன். சாதாரணப் பல்மானியில் ஒரு குறையும் தெரியவில்லை. தெரியாது, பல்மானி கொடுப்பது சில வோல்ற்றுகள் மட்டுமே. 100 வோல்ற் நேரோட்டத்தில் இட்டுப் பார்த்தபோது 5 மைக்ரோஅம்பியர் ஓடியது. 20 மெகா ஓம் தடை என்று பொருள். காகிதத்தில் எழுதினால் மிகச் சிறிய கசிவு. ஆனால் கிரிட்டிலிருந்து நிலத்துக்கு 1 மெகா ஓம் தடையி இருக்கிறது. கணக்குப்படி கிரிட்டில் ஏறக்குறைய 5 வோல்ற் நேர் அழுத்தம் ஏறிவிடும். ஏழேகால் வோல்ற் தாழ்வில் நிற்கவேண்டிய கிரிட்டுக்கு இது அற்ப விடயமல்ல. கதோட்டுத் தடையி ஓரளவு சமாளிக்கும் என்றாலும் மின்னோட்டம் கூடவே செய்யும். வால்வு சிவக்கும், அதன் வழியே வெளியீட்டு நிலைமாற்றியின் மெல்லிய கம்பிச் சுருள் சூடேறி அறும். இதெல்லாம் உடனே நடக்காது. பெட்டி பாடும். உறவினர்கள் கைதட்டுவார்கள். அரை மணித்தியாலம் கழித்து மணம் வரும்.

வால்வை இன்றும் விலைக்கு வாங்கலாம். அந்தப் பெட்டிக்கென்று சுற்றிய நிலைமாற்றியை எங்கே வாங்குவது? சில ரூபா பெறுமதியான ஒரு துண்டுக்காக அதைப் பணயம் வைக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

அந்த இடத்துக்கு இன்றைய படலக் கொள்ளளவி போதும். பொலியெஸ்டர் நல்லது, பொலிபுறொப்பிலீன் இன்னும் நல்லது. 630 வோல்ற் தாங்குவதாக வாங்குங்கள். பழைய பெட்டியில் 0.05 என்றிருந்தால் கடையில் 0.047 கிடைக்கும், 0.02க்கு 0.022. இதற்காகக் கவலைப்பட வேண்டாம். பழைய காகிதக் கொள்ளளவிகளின் பெறுமானமே 20 வீதம் முன்பின்னாக இருந்தது. ஒலிக் கட்டுப்பாட்டுச் சுற்றுகளிலும் தன்னியக்கப் பெருக்கக் கட்டுப்பாட்டிலும் உள்ள காகிதத் துண்டுகளுக்கும் இதுவே பொருந்தும். ஓரிடத்தை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். வெளியீட்டு நிலைமாற்றிக்குக் குறுக்கே சில ஆயிரம் பிக்கோபரட் அளவில் ஒன்று இருக்கும். இசையின் உச்சங்களில் அங்கே ஏறும் அழுத்தம், பெட்டியின் உயர் அழுத்தத்தையும் தாண்டிப் பாயும். 1000 வோல்ற்றுக்குக் குறைந்த எதையும் நான் அங்கே இடுவதில்லை.

அலகுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்கப் பெட்டிகளில் எம்.எப். என்று பெரிய எழுத்தில் இருந்தால் அது மைக்ரோபரட். இரண்டு எம் வந்தால் பிக்கோபரட். பழைய ஜேர்மன் பெட்டிகளில் கொள்ளளவைச் சென்ரிமீற்றரில் எழுதியிருப்பார்கள். ஒரு சென்ரிமீற்றர் 1.11 பிக்கோபரட். அச்சுப் பிழை பார்த்துக் கண் பூத்துப்போன எனக்கே இது முதற் தடவை நீளத்தின் அளவு என்றுதான் தோன்றிற்று.

அடுத்தது மின்பகு கொள்ளளவி. அலுமினியக் குவளைக்குள் இரண்டு அல்லது மூன்று சேர்ந்து, சீராக்கி வால்வுக்கு அருகே நிமிர்ந்து நிற்கும். அதன் இடைப்பொருள் மின்னழுத்தத்தால் அலுமினியத்தின்மேல் உருவாகிய மெல்லிய ஒட்சைட்டுப் படலம். நீண்ட காலம் மின் இல்லாமல் கிடந்தால் அது நலிந்துவிடும், உள்ளேயுள்ள திரவமும் உலர்ந்துவிடும். அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிப் படலத்தை மீள உருவாக்கலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். சில சமயம் உருவாகும். ஆனால் மூன்று தசாப்தம் கிடந்த ஒன்றை அப்படி எழுப்பிவிட்டு, வீட்டில் முதியவர் ஒருவர் தனியாக இருக்கும்போது அதைப் பாடவிட எனக்கு மனம் வராது.

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு, பெரியது நல்லது என்று நினைப்பது. புதியவை உருவத்திற் சிறியவை, விலையும் அதிகமல்ல. 32 மைக்ரோபரட் இருந்த இடத்தில் 100 இட்டால் இரைச்சல் குறையுமே என்று தோன்றும். ஈ.இசட். 80 என்ற சீராக்கி வால்வின் முதற் கொள்ளளவி 50 மைக்ரோபரட்டுக்கு மேற்படக்கூடாது என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் வால்வு வழியே பாயும் மின்னோட்டத் துடிப்பு அதன் தாங்குதிறனை மீறும். ஆகவே 32க்கு 33, 50க்கு 47. அழுத்தத்தைப் பொறுத்தவரை மாறாக, தாராளமாக இருங்கள். 250 வோல்ற் சுற்றிலிருந்து, மற்ற வால்வுகள் சூடேறி மின்னை இழுக்கத் தொடங்கும் முன்னர், 350 வோல்ற்றுக்கு மேல் எழும். 450 வோல்ற், 105 பாகை என்று பொறித்ததை வாங்குங்கள். நேர், மறை முனைகளை மாற்றி இட்டுவிடாதீர்கள், வெடிக்கும். பழையதைக் கழற்றாமல் அதன்மேல் புதியதைச் சமாந்தரமாகப் பற்றாசு பிடிப்பது இன்னொரு கெட்ட பழக்கம். இரைச்சல் நின்றுவிடும், கசிவு நிற்காது. அலுமினியக் குவளை அழகுக்கு நிற்கட்டும், ஆனால் அதன் கம்பிகளைத் துண்டித்துவிட்டுப் புதியதைச் சட்டகத்தின் அடியில் இடுங்கள். மின்னை நிறுத்திய பின்னரும் இந்தக் கொள்ளளவிகள் ஏற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால், ஒரு தடையியின் வழியே இறக்கி, பல்மானியால் உறுதி செய்தபின் கை வையுங்கள்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விடயம். எல்லாப் பெட்டிகளிலும் மின் நிலைமாற்றி இருக்கவில்லை. யூ.சி.எச். 42, யூ.எல். 41, யூ.வை. 41 என்று 'யூ'வில் தொடங்கும் வால்வுகள் இருந்தால், பெரும்பாலும் சுவரிலிருந்து வரும் மின்கம்பிகளில் ஒன்று நேரே உலோகச் சட்டகத்தில் இணைக்கப்பட்டிருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சட்டகம் முழுவதும் 230 வோல்ற். அதற்கும் ஏரியலுக்கும் இடையே நிற்பது ஒரு சிறிய கொள்ளளவி மட்டுமே. நம் ஊரில் ஏரியல் எங்கே இருந்தது? முற்றத்தில், இரண்டு தென்னைகளுக்கிடையே கட்டிய கம்பியில். அந்தக் கொள்ளளவி குறுஞ்சுற்றானால் முற்றத்துக் கம்பியில் மின் வரும்.

இங்கே சாதாரணப் படலக் கொள்ளளவி, அது 1000 வோல்ற் தாங்குவதாயினும், கூடாது. ஆங்கில 'வை' எழுத்தும் எண்ணும் பொறித்த பாதுகாப்பு வகை தனியாக விற்பனைக்கு உண்டு. மனிதர் தொடக்கூடிய இடத்துக்கென்றே கடுஞ் சோதனைகளுக்கு உட்படுத்தி, குறுஞ்சுற்றாகாத விதத்தில் ஆக்கப்படுவது அது. மின்கம்பிகள் இரண்டுக்கும் குறுக்கே இடுவதற்கு 'எக்ஸ்' வகை. பெறுமானத்தையும் கூட்டாதீர்கள். 4,700 பிக்கோபரட் வழியே 230 வோல்ற்றில் செல்வது மூன்றிலொரு மில்லிஅம்பியர், 0.1 மைக்ரோபரட் என்றால் ஏழு மில்லிஅம்பியருக்கு மேல். முதலாவது கூச்சம், இரண்டாவது துன்பம்.

தொடக்கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். அலைவரிசையைத் தெரியும் பகுதியில், சுருள்களுக்கு அருகே உள்ள மைக்கா, பீங்கான் கொள்ளளவிகள் நுண்ணிய அளவில் தேர்ந்து இடப்பட்டவை. அவற்றிற் பெரும்பாலானவை இன்றும் நன்றாகவே இருக்கின்றன. வெள்ளிப் படிவு பெயர்ந்து சிலவற்றில் கரகர ஒலி வருவதுண்டு, வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். முன்கூட்டியே வெட்டினால் முள் காட்டும் இடத்தில் நிலையம் இருக்காது. அவசரக்காரர்களுடன் எனக்குள்ள சண்டை இதுதான்.

பழைய சரக்குக் கட்சியினருக்கு ஒரு வார்த்தை. பெட்டி பிரிக்காத, பாவிக்காத காகிதக் கொள்ளளவிகளை இணையத்தில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். பாவிக்காவிட்டாலும் காகிதம் காகிதந்தான். அலமாரியில் இருந்தபடியே அதற்கும் வயது ஏறியிருக்கிறது. எண்ணெயில் ஊறிய புதிய காகிதக் கொள்ளளவிகளை ஒலிக்கு இனிமை தரும் என்று பல மடங்கு விலையில் விற்பது இன்னொரு வியாபாரம். மத்திய அலையில் ஐயாயிரம் ஹேர்ட்சுக்கு மேல் ஏதும் வராத ஒலியை, ஐந்தங்குல ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டு, கொள்ளளவியின் இனிமையைப் பிரித்தறியும் செவி எனக்கு வாய்க்கவில்லை. பழைய உறையைக் குடைந்து உள்ளே புதியதை ஒளித்து வைப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அது பொறுமையான வேலை. நூதனசாலைப் பொருளுக்கு அது பொருந்தும். வீட்டுப் பெட்டிக்கு, பின்னர் திறப்பவர் கண்ணுக்குப் புதியது புதியதாகவே தெரிவது நல்லது.

நண்பரின் பெட்டியில் பதினொரு காகிதக் கொள்ளளவிகளையும் இரண்டு மின்பகு கொள்ளளவிகளையும் மாற்றினேன். ஒன்று மாற்றியபின்தான் அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெட்டிவிட்டால் எது எங்கே இருந்தது என்று தெரியாமற் போகும். முதற் தடவை 60 வாற்று இழைக் குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்து மின் கொடுத்தேன். குமிழ் ஒரு கணம் ஒளிர்ந்து மங்கியது. வெளியீட்டு வால்வின் கிரிட்டில் பல்மானி பூச்சியம் காட்டியது. கழற்றியவற்றை ஒரு கடித உறையிலிட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்து, மாற்றிய பெறுமானங்களையும் திகதியையும் எழுதிப் பின்பலகையில் ஒட்டியிருக்கிறேன். திவசத்துக்கு இரண்டு நாள் முன்னதாக அது வடக்கே போகும் பஸ்ஸில் ஏறிற்று.