கண்ணுக்கு மட்டுமா தமிழ்?

செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதி வழியே மேற்கு நோக்கிச் செல்வோர்க்குக் கரடியனாறு புதிய ஊரன்று. உறுகாமக் குளத்தை அடுத்து, நெல்வயலும் மேட்டுநிலமும் பரந்து கிடக்கும் படுவான்கரைப் பகுதி அது. மாவட்ட விவசாயப் பயிற்சி நிலையமும் அங்கேதான் அமைந்துள்ளது. விதைநெல் பற்றியும் உர மானியம் பற்றியும் அவ்வூர் மக்களுக்காகப் பேசுவோர் பலர் உண்டு. ஆனால், அம்மக்களுள் கண்ணொளி இழந்தார் எதனை வாசிக்கின்றனர், அவர்க்கு வாசித்துக் காட்டுவார் யாவர் என்னும் கேள்வியை நாம் எந்த மேடையிலும் கேட்டதில்லை. அக்கேள்வியை இன்று எழுப்ப விரும்புகின்றோம்.

இது சிலருடைய துன்பம் என்று ஒதுக்கத்தக்க விடயமன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் பார்க்கும் ஆற்றலில் இடர்ப்படுவோர் பத்து இலட்சத்துக்கு அண்மையில் உள்ளனர். இவர்கள் எல்லோரும் பிறவியிலேயே ஒளி இழந்தோர் அல்லர். வெண்புரையும் நீரிழிவும் முதுமையும் பறித்த கண்கள் பல. கிழக்கிலோ, முப்பது ஆண்டுப் போர் பறித்த கண்களும் உண்டு. போர் ஓய்ந்த பின்னும் இம்மண்ணை ஆபத்து விட்டபாடில்லை. வீதி வேலைக்கெனக் கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் வைக்கப்பட்டிருந்த வெடிமருந்து 2010 செப்டம்பர் 17ஆம் நாள் வெடித்ததில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர், பலர் காயமுற்றனர்.

பார்வையற்றோர் என்றவுடன் பிறெயில் எழுத்தே நம் நினைவுக்கு வரும். ஆறு புள்ளிகளைக் கொண்டு அறுபத்து மூன்று வடிவங்களை ஆக்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகின் கண்ணற்றார்க்குக் கல்வியைத் திறந்துவிட்டவர் லூயி பிறெயில். தமிழுக்கும் அம்முறை நன்கு பொருந்தி வந்துள்ளது. உயிர்மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி தேடாது, மெய்யின் குறிக்குப் பின் உயிரின் குறியை இட்டு எழுதுவதால், 247 எழுத்துக்களும் ஒரு சில குறிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளியும், இரத்மலானையில் 1912இல் எழுந்த பள்ளியும், சுன்னாகத்து வாழ்வகமும், மட்டக்களப்பின் தரிசனம் பாடசாலையும் ஆற்றிய பணியையும் ஆற்றும் பணியையும் நாம் தலைவணங்கிப் போற்றுகின்றோம்.

எனினும், பிறெயில் எல்லார்க்கும் மருந்தாகாது. தடித்த தாளில் அச்சிடப்படும் அந்நூல் பருமனானது. நமது கைக்கடக்கமான ஒரு நூல், பிறெயிலில் பல பாகங்களாக விரிந்துவிடும். அன்றியும், நாற்பது ஆண்டு மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்கள், ஐம்பதாம் வயதில் பார்வை போன பின், மெல்லிய புள்ளிகளைத் தடவி எழுத்தறிய வேண்டுமென எதிர்பார்ப்பது எளிதா? அவர்க்கு வேண்டியது ஒலிநூல். கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிதாகிவிட்ட இக்காலத்தில், அது கைக்கெட்டாத கனியுமன்று.

நூலை ஒலியாக்குவதற்கு உரிமைச் சட்டம் குறுக்கே நிற்குமே என்று முன்னாளில் கூறினர். அந்தத் தடை உடைந்து ஆண்டுகள் பல ஆகின்றன. 2013 ஜூன் மாதத்தில் மொறோக்கோ நாட்டின் மரகேஷ் நகரிலே உலக நாடுகள் ஓர் உடன்படிக்கையை ஏற்றன. இலாபம் கருதாது இப்பணியைச் செய்யும் அங்கீகாரம் பெற்ற நிறுவனம், நூலாசிரியரின் அனுமதிக்குக் காத்திராமல், ஒரு நூலை ஒலியாகவோ பிறெயிலாகவோ கணினி வடிவிலோ ஆக்கிப் பார்வையற்றார்க்கு வழங்கலாம்; கடல் கடந்தும் அனுப்பலாம். பார்வையற்றார் மட்டுமல்லர், எழுத்தைப் பகுத்தறிய மூளை இடந்தராதாரும், நூலைக் கையில் ஏந்தவியலாத உடற்குறையுடையாரும் அதன் பயனுக்கு உரியர். பள்ளி செல்லாமையால் வாசிக்க அறியாதார் இதில் அடங்கார். அவர் வழக்கு வேறு. இவ்வுடன்படிக்கையை முதன்முதலில், 2014இல், உறுதிப்படுத்திய நாடு இந்தியா. இலங்கை 2016இல் இணைந்தது.

இதனால் நமக்கு விளையும் நன்மையை எண்ணிப் பாருங்கள். இந்தியாவிலே 2016இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகம் பல மொழிகளிலும் இத்தகைய நூல்களைத் திரட்டி வருகின்றது. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம் பார்வையற்றார்க்கெனத் தனிப்பிரிவே நடத்துகின்றது. அங்கே ஒரு முறை ஒலிவடிவம் பெற்ற தமிழ் நூலை, இங்கே மறுமுறை உழைத்து ஆக்க வேண்டியதில்லை, கேட்டுப் பெறலாம். கேட்பதற்கு ஒரு வாய் வேண்டும். கிழக்கிலே அந்த வாயாக அமையும் தகுதி பெற்ற நிறுவனம் ஒன்று முன்வருதல் வேண்டும். இதே ஏறாவூர்ப்பற்றில், வந்தாறுமூலையில் அமைந்துள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நூலகமே அதற்கு முதல் உரித்துடையது என்பது நமது கருத்து.

இனி, பணமே தேவைப்படாத ஒரு காரியத்தைக் கூறுகின்றோம். திரையில் உள்ள எழுத்தை உரக்க வாசிக்கும் மென்பொருள்கள் இன்று தமிழையும் வாசிக்கின்றன. அவற்றுள் என்விடிஏ என்பதைத் தொடங்கியவர் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கல் கறன் என்னும் பார்வையற்ற இளைஞர். அது இலவசமாகவே கிடைக்கின்றது. ஆனால் நமது அலுவலகங்களிலோ, இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. அவ்வெழுத்துருவில் நாம் காண்பது தமிழ். கணினியின் உள்ளே கிடப்பதோ ஆங்கில எழுத்து. ‘அம்மா’ என்று எழுதிய சொல்லை, அம்மென்பொருள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வாசிக்கும்! பெற்ற தாயின் பெயரே இக்கதியானால், காணி அறிவித்தலும் நட்டஈட்டுச் சுற்றறிக்கையும் என்ன கதியாகும்? யூனிகோட் முறையில் எழுதினால் இத்தொல்லை இல்லை. தமிழில் அரச கருமம் நடைபெற வேண்டும் என்று 1956 முதல் குரல் கொடுத்து வந்த சமூகம், அத்தமிழைக் கண்ணுள்ளார்க்கு மட்டும் பெற்றுத் தந்து ஓய்ந்துவிடலாகாது.

2005 முதல் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் அரும்பாடுபட்டு இணையத்தில் ஏற்றி வரும் நூலகம் நிறுவனத்தின் தொண்டை யாரும் மறுக்கார். ஆயினும் நிழற்படமாக ஏற்றப்பட்ட பக்கம், பார்வையற்றார்க்கு மூடிய கதவே. படத்தை எழுத்தாக்கும் கருவிகள் தமிழில் வளர்ந்துவிட்டன. பிழை பார்த்துத் திருத்தும் கைகளே வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சட்டத்தரணிகள், எழுதுவினைஞர்கள் நம்மிடையே எத்தனை பேர்! வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குவோர் இருபது பேர் சேர்ந்தால், ஓராண்டில் ஒரு சிறு நூலகமே உருவாகும். நல்ல குரலுடையோர் நூலை வாசித்துப் பதிவு செய்யலாம். மட்டக்களப்புத் தமிழின் ஓசையறிந்த ஒருவர் வாசிக்கும் கதையை, இயந்திரக் குரல் எந்நாளும் எட்டிப் பிடிக்காது.

கமக்காரர்க்குச் செவிவழிக் கல்வி புதியதன்று. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசிச் சேவை ஏலவே நடைபெறுகின்றது. அத்திணைக்களம் வெளியிடும் துண்டுப் பிரசுரங்களும் ஒலியாக வரலாம் அன்றோ? கிருமிநாசினிப் போத்தலில் நஞ்சின் கடுமையை நிறப்பட்டையால் காட்டுகின்றனர். நிறம் காணாதவன் எதைக் கொண்டு அஞ்சுவான்?

ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச சபை தனது அடுத்த வரவு செலவுத் திட்டத்தில், தன் நூலகங்களுக்கு ஒரு கணினியும் ஒலிப்பதிவுக் கருவியும் வாங்க நிதி ஒதுக்க வேண்டும் என்று நாம் கோருகின்றோம். பிரதேச செயலகம் தன் தமிழ் அறிவித்தல்கள் யாவற்றையும் யூனிகோட்டில் வெளியிட இன்றே கட்டளையிடலாம். அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளும் விதைப்பு முடிக்கும் நாளும் தீர்மானிக்கப்பட்டதும், வட்டை விதானைமார் கையில் கொடுக்கும் தாளோடு, அதனை வாசித்த ஒலிப்பதிவு ஒன்றும் கரடியனாற்றுக் கமக்காரரின் தொலைபேசிகளுக்குப் போய்ச் சேரட்டும்.